பொடியன் எப்பிடி?

எங்கள் ஆட்களின் கலியாணப் பேச்சில் விசாரிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. படமும் குடும்ப விபரமும் கைமாறிய பிறகு, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊரைத் தெரிந்த யாராவது ஒருவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். லண்டனிலோ பாரிசிலோ இருந்துகொண்டு, முன்பின் பார்த்திராத ஒருவரிடம், "பொடியன் எப்பிடி?" என்று கேட்பார்கள். குடிக்கிறவனா, ஒழுங்காக வேலைக்குப் போகிறவனா, எங்காவது தொடுப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். மறுமுனையில் இருப்பவர் சொல்லுகிறதை வைத்துத்தான் கலியாணம் நடக்கும், அல்லது குழம்பும்.

போன ஜூன் மாதம் அந்த அழைப்பு எனக்கு வந்தது. பதினாறு வருடமாக எங்கள் சனம் என்னை ஒரு கலியாண வீட்டுக்குக் கூடக் கூப்பிட்டதில்லை. நான் செத்தேனா இருக்கிறேனா என்று கேட்க ஆளில்லை. ஆகவே லண்டனில் இருந்து ஓர் அன்ரி மிகவும் மரியாதையாக, "தம்பி, ஒரு சம்பந்த விஷயமா ஒருக்காக் கதைக்கலாமே?" என்று கேட்டபோது, பிழையான இலக்கத்துக்கு எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். பெறாமகளுக்கு, தமக்கையின் மகளுக்கு, மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். பொடியன் டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டாம். நானும் அங்கே வளர்ந்தவன் என்று கேள்விப்பட்டார்களாம். பிறகு பொடியனின் பெயரைச் சொன்னார்.

அப்போது நான் வேலையில் இருந்தேன். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். கையில் ஒரு கிழவரின் ஒரு காலுறை இருந்தது, மற்றது அவருடைய காலில் பாதி ஏறி நின்றது. அன்ரியிடம் இப்போது கதைக்க வசதியில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுங்கள், எல்லாம் வடிவாகச் சொல்கிறேன் என்றேன். குரலில் தேன் வடிந்திருக்க வேண்டும். அன்ரி என்னை ஆசீர்வதித்து வைத்தார்.

அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன். கிழவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் இரண்டு தெரு. ஒரே பாடசாலை, ஒரே தமிழ் வகுப்பு, கோயிலில் முதல் நன்மை வாங்கியதும் ஒரே நாளில்தான். இருபது வயதில் ஒரே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். பிறகு நான்கு வருடம் நாங்கள் ஒருவரையொருவர் விரும்பினோம். சனத்துக்கு முன்னால் ‘மச்சான்’ என்று முதுகில் அடித்துக்கொள்வோம். பின்னேர வேலை முடிந்ததும் அவனுடைய பழைய காரில் பில்லுண்ட் பக்கம் ஒரு பைன் காட்டுக்குப் போவோம். அந்த ஊரில் கார் இல்லாதவனுக்குக் காதலும் இல்லை. காரிலேயே சாப்பிட்டோம், காரிலேயே சண்டை பிடித்தோம், காரிலேயே தூங்கினோம். கொப்பன்ஹேகனுக்குப் போய் ஒரு வீடு எடுப்போம் என்று அவன்தான் முதலில் சொன்னான்.

ஒருநாள் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார். டெனிஷ்காரர் பார்த்திருந்தால் ‘கு’மோர்ன்’ என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். பார்த்தவர் எங்கள் ஜெபக்குழுவில் பாட்டுப் படிக்கிறவர். அன்று பின்னேரமே அவன் தகப்பன் தாயையும் அவனையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் ஹோலில் இரண்டு தகப்பனும் இரண்டு தாயும் நாங்கள் இருவரும். என்ன நடந்தது என்று என் அப்பா கேட்டார். நான் வாய் திறக்க முதல் அவன் சொன்னான்.

"நான் நித்திரை. இவன்தான் என்னிலை கையை வைச்சவன்."

விரும்பினேன் என்று அவன் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். பயந்துவிட்டான் என்று நினைத்திருப்பேன். ஆனால் தூங்குகிற ஒருவனைத் தொட்டவன் என்று ஆக்கிவிட்டான். அது வேறு. அன்றிலிருந்து எங்கள் சனம் தங்கள் பொடியன்களை என் பக்கத்தில் இருத்துவதில்லை. ஒரு மாதத்துக்குள் நான் ஒரு பெட்டியோடு கொப்பன்ஹேகனுக்கு ரயில் ஏறினேன். அப்பா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவர் செத்தபோது போனேன். சவப்பெட்டி தூக்க முன்னுக்குப் போனவனை அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, சனம் பார்க்குது, பின்னுக்கு வா என்றார். என் இடத்தில் நின்று என் அப்பாவின் பெட்டியைத் தூக்கியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அவன்தான். கறுப்பு கோட் போட்டு, கண்ணீர் விட்டு, முன் வலது மூலையில்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டுதான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மன்னித்துவிடு, உனக்குத்தான் நிம்மதி என்று சொல்லும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுடைய அப்பாவின் பெட்டியை யாரும் பறிக்கவில்லை.

அன்ரி எடுத்த மறுநாள் இரவு அவன் எடுத்தான். பெண் வீட்டார் என்னிடம் விசாரித்தது அவன் தாய் வழியாக அவன் காதுக்கு எட்டிவிட்டது. பதினாறு வருடத்தில் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்று தொடங்கினான். பிறகு, தாய்க்கு ஏலாது, சிறுநீரகம் இரண்டும் பழுது, கண்மூட முதல் ஒரு கலியாணம் பார்க்க வேண்டும் என்று அழுகிறா, தங்கச்சிமார் மூன்று பேரும் கட்டிவிட்டார்கள், தான் மட்டும் நிற்கிறேன் என்றான். குரல் அப்படியே இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் அம்மா என்னை அப்படிப்பட்டவன் என்று நம்பிக்கொண்டு சாகக்கூடாது. அம்மா எனக்கு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தொலைபேசி எடுப்பார். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்பார். இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார். அந்த இரண்டு நிமிடமும் அவருக்கு என்னில் ஓர் அருவருப்பு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

"சனிக்கிழமை வா," என்றேன். "நான் போற இடமெல்லாம் என்னோடை வரவேணும். விடியப்புறம் என்ர அம்மாவுக்கு எடுத்து, அண்டைக்கு நான் சொன்னது பொய் எண்டு சொல்லு. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னைப் பற்றி நல்லதே சொல்லுறன்."

"போற இடம் எண்டா?"

"உன்னை மாதிரி ஆக்கள் போற இடம்," என்றேன்.

உண்மையில் அந்தத் தொலைபேசி அழைப்பு மட்டும் போதும். அந்த நிமிடமே எடு என்றிருக்கலாம். ஆனால் எனக்கு அவனை இழுக்க வேண்டியிருந்தது. பதினாறு வருடம் ஒளித்த முகத்தோடு, வெளிச்சத்துக்குக் கீழே, ஓர் இரவு முழுக்க அவன் நெளிவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கொப்பன்ஹேகனுக்கு வெளியே, டோஸ்ட்ருப்பில், என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால், கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி மினுங்கும் சப்பாத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மணக்க மணக்க வாசனைத் தைலம். கையில் ஒரு பெட்டி பாகிஸ்தான் மாம்பழம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவனுடைய தாய் படிப்பித்ததை அன்றைக்கும் விடவில்லை. பழிவாங்கக் காத்திருப்பவனுக்கு மாம்பழம். வாங்கிக் குசினியில் வைத்தேன், வேறு என்ன செய்ய? தலையில் கொஞ்சம் நரை. வயிறு கொஞ்சம். மற்றபடி அவனேதான். வடிவாகவே இருந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தான். அதை வாங்கி அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன்.

காரில் போவோம் என்று கெஞ்சினான். ரயிலில்தான் என்றேன். டோஸ்ட்ருப் மேடையில் எங்கள் சனம் யாராவது நிற்காமல் இருக்காது. அன்றைக்கும் நின்றார்கள், பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போகிற ஒரு குடும்பம், சாறியும் பட்டு வேட்டியும் பலூனுமாக. அவன் தூணுக்குப் பின்னால் போய் நின்று ரயில் நேர அட்டவணையைப் படித்தான். ஒரு ரயிலை வேண்டுமென்றே விட்டேன். அடுத்ததையும் விட்டிருப்பேன், எனக்கே பசித்ததால் ஏறினோம்.

ஜூனில் இங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. கொப்பன்ஹேகன் நகரசபைச் சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் வானவில் கொடிகளுக்குக் கீழே சனம் நிரம்பி நின்றது. அவன் நடுத்தெருவில் பேயறைந்தவன் மாதிரி நின்றான். ஓர் ஆணும் ஆணும் கை கோத்துக்கொண்டு, நாயையும் பிடித்துக்கொண்டு, பால் வாங்கிய பையோடு எங்களைக் கடந்து போனார்கள். அவர்கள் பார்வையில் இருந்து மறையும் வரைக்கும் அவன் பார்த்தான். கண் வைத்துவிடாதே, அது அவர்களுடைய பால் என்றேன்.

முதலில் அவனைக் கூட்டிப்போனது நிலத்துக்குக் கீழே இறங்கும் ஒரு பழைய மதுச்சாலைக்கு. சுவர் முழுக்கப் புகைக்கறை. அங்கே இன்னும் உள்ளே இருந்து சிகரெட் பிடிக்கலாம். தோல் உடுப்பும் சங்கிலியுமாக ஏதோ நடக்கும் என்று அவன் பயந்திருக்க வேண்டும். நடந்ததென்றால், எழுபது வயது தாண்டிய இரண்டு டெனிஷ்காரர்கள் தோல் குவளையில் தாயக்கட்டை குலுக்கிக்கொண்டு, இன்றைக்கு யார் உருளைக்கிழங்கு அவிக்க மறந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடிக்கடி போவதால் அவர்களுக்கு என்னைத் தெரியும். நாற்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அவனை அவர்களுக்கு அறிமுகம் செய்தேன். மூத்தவர் அவன் டெனிஷில் மேற்குப் பக்கத்து இழுவையைக் கேட்டதும், ஓ, யூலாந்துக்காரன், நானும் அந்தப் பக்கம்தான் என்று குவளையை அவன் கையில் திணித்தார்.

நான் அவன் நெளிவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோ அரை மணித்தியாலத்துக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டான். தாயம் விழும்போது மேசையில் அடித்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவன் மாதிரி அவர்கள் இருவருடைய மருந்து விபரம் எல்லாம் கேட்டான், தாயின் சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. தண்டனைக்கு என்று கூட்டிக்கொண்டு வந்தால் விருந்தாடியாகிவிட்டான். வெளியே வந்தபோது, "இவ்வளவுதானே?" என்று கேட்டான். அதற்குள் ஓர் அழுகை இருந்தது. நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

அடுத்த இடத்தில் அவனைத் தப்பவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். அங்கே பெண் வேடம் போட்டு மேடையேறும் ஒருவர் இருக்கிறார். ஆறடி உயரம், அதற்கு மேல் ஓர் அடி பொய்முடி. முன்வரிசையில் நிற்பவர்களைப் பிடித்து மேடையில் ஏற்றி உரித்து உப்புப் போட்டுவிடுவார். அதனால் தெரிந்தவர்கள் பின்னால் நிற்பார்கள். நான் அவனை முதுகில் கை வைத்துத் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுபோய் விட்டேன். வெள்ளைச் சட்டை விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவனைப் பிடித்து ஏற்றினார்.

எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். கிரின்ஸ்டெட் என்றான். அந்தப் பட்டிக்காட்டுப் பெயரைக் கேட்டுச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுடைய டெனிஷ் அசல் யூலாந்துக் கமக்காரனின் டெனிஷ். அதற்கும் சிரித்தது. பிறகு அவர் அவன் தோளில் கை போட்டு, உன் ஆள் எங்கே, ஆள் இல்லாமலா இப்படி இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாய் என்று கேட்டார். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். இப்போது உளறுவான், ஓடுவான் என்று நினைத்தேன்.

அவன் ஓடவில்லை. ஒலிவாங்கியை வாங்கி என்னைக் காட்டினான். அவன்தான், நாலு வருடம் இருந்தோம், நான்தான் கெடுத்தேன் என்று டெனிஷில் சொன்னான். முன்னூறு பேர் ‘ஓ...’ என்றார்கள். விளக்கு என் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினாள்.

நான் நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை, கொதித்தேன். டெனிஷில் சொல்ல அவனுக்கு வாய் இருக்கிறது. முகம் தெரியாத முன்னூறு பேருக்கு முன்னால் இருக்கிறது. எங்கள் ஹோலில், ஐந்து பேருக்கு முன்னால், தமிழில் சொல்ல இல்லாமல் போயிற்று. மேடையை விட்டு இறங்கி வந்தவன் பாராட்டை எதிர்பார்க்கும் பள்ளிப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தான். நான் கோட்டை எடுக்கப் போனேன்.

மூன்றாவது இடத்தில் அவனுடைய வீரம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. அது நடனசாலை, இருட்டு, நெரிசல். நாங்கள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன், கணினி வேலைக்கு வந்து மூன்று மாதமாம், எங்கள் முகத்தைப் பார்த்து ஓடி வந்தான். "அண்ணா, நீங்க தமிழா?" என்று இவனிடம் ஆசையாகக் கேட்டான். இவன் உடனே டெனிஷில், இல்லை, விளங்கவில்லை என்று தலையை ஆட்டினான். அந்தப் பிள்ளையின் முகம் விழுந்துபோயிற்று.

"தமிழ்தான்," என்றேன் நான். "யாழ்ப்பாணம். இவருக்குப் பயம் வந்தால் தமிழ் மறந்துபோம்."

அந்தப் பொடியன் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை. கழிவறைப் பக்கம் போய் நின்று அழுதான். நான் பின்னால் போய் அதையும் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். இதற்காகத்தானே வந்தது. கொஞ்ச நேரத்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு பாட்டுக்காவது என்னோடு ஆடு என்றான். ஆடினோம். பாட்டின் பாதியில் அவன் தலை என் தோளில் வந்து விழுந்தது. பைன் காட்டில், காருக்குள், கண்ணாடியில் மூச்சுப் புகார் படிந்திருக்கும்போது எந்த இடத்தில் வைப்பானோ அதே இடம். என் கை தானாக எழும்பி அவன் கழுத்துக்குப் போயிற்று. அந்தக் கையை எனக்கு வெட்டிப் போடலாம் போல இருந்தது. எடுக்கவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் எடுக்கவில்லை.

வெளியே வரும்போது நாலரை மணி. வானம் வெளுத்துவிட்டது. துப்புரவு வண்டிகள் தெருவைக் கழுவிக்கொண்டு போயின. நகரசபைச் சதுக்கத்தில் தொத்திறைச்சி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள மரவாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஐந்து மணிக்கு அம்மா எழும்பிவிடுவார், செபமாலை சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணீர் வைப்பார். ஐந்தரைக்குக் கைத்தொலைபேசியை எடு என்றேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன், நான் பக்கத்தில் இருப்பதைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன்.

இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தார். அவனுடைய தாய்க்கு ஏதும் சுகமில்லையா என்று பதறினார். அவன் இல்லை என்றான். கைத்தொலைபேசியை நான் வாங்கி அவன் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டேன்.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு உங்கட வீட்டிலை நான் சொன்னது பொய். அவன் என்னிலை கை வைக்கேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் விரும்பித்தான் இருந்தனாங்கள். நாலு வரியம்."

சொல்லிவிட்டான். தமிழில். அம்மா அழுவார், அல்லது அவனைத் திட்டுவார், அல்லது என் பிள்ளையை இப்படிச் செய்துவிட்டாயே என்று கத்துவார். பதினாறு வருடமாக இந்த இடத்தில் அம்மா சொல்லப் போவதை நான் விதம் விதமாக நினைத்து வைத்திருந்தேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் அம்மா.

அவன் என்னைப் பார்த்தான். அம்மா குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாத விஷயம் கதைப்பது போலச் சொல்லிக்கொண்டு போனார்.

"நித்திரையிலை கிடக்கிறவனிலை கை வைக்கிற பிள்ளையே அவன்? நான் பெத்தனான், எனக்குத் தெரியாதே? அவன்ர அப்பாவுக்கும் தெரியும். ரெண்டு வீடும் நாறாமல் ஒரு வீட்டோடை போகட்டும் எண்டுதான் விட்டனாங்கள். உனக்குப் பின்னாலை மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் நிண்டவை. எங்களுக்கு அவன் ஒருத்தன்தானே. இப்ப ஏன் அதைக் கிண்டுறாய், நல்ல சம்பந்தம் சரிவாற நேரத்திலை? போய்ப் படு, ராசா."

ராசா. எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லிப் பதினாறு வருடம்.

வைத்துவிட்டார். புறாக்கள் வந்து காலடியில் பாண் துண்டைக் கொத்தின. அவன் என்னைத் தொடப் பார்த்தான், தொடாதே என்றேன். மன்னித்துக்கொள் என்றான், பலமுறை சொன்னான். நான் அவனில் கோபமாக இருக்க முயன்று பார்த்தேன், வரவில்லை. அவன் பயந்து பொய் சொன்ன இருபத்துநாலு வயதுப் பொடியன். பொய் என்று தெரிந்துகொண்டே என்னை ரயில் ஏற்றி அனுப்பியவர்கள் என் தாயும் தகப்பனும். அப்பா கதைக்காமல் இருந்தது அருவருப்பில் இல்லை. என் முகத்தைப் பார்க்க அவரால் முடியாமல் இருந்திருக்கிறது.

டோஸ்ட்ருப்புக்கு வந்ததும் அவன் காரை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு மூன்று மணித்தியால ஓட்டம். போக முதல், மத்தியானம் என்ன சொல்லுவாய் என்று கேட்டான். சொன்ன வாக்கு வாக்குத்தான், நல்லதே சொல்லுவேன் என்றேன். சொல்லும்போது அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் களைத்துவிட்டது.

படுத்தேன், தூக்கம் வரவில்லை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு லண்டன் அன்ரி எடுத்தார். சுகம் விசாரித்தார், இங்கே வெயிலா மழையா என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பொடியன் எப்பிடி, தம்பி?"

நல்ல பொடியன் அன்ரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தனக்குத் தெரியும், சும்மா ஒரு முறைக்குத்தான் கேட்பது என்று சிரித்தார். பெரிய இடத்திலேயே விசாரித்து முடித்தாயிற்றாம்.

"உங்கட அம்மாவோடைதான் முதல்லை கதைச்சனாங்கள். தங்கமான பொடியன், தன்ர கண்ணுக்கு முன்னாலை வளர்ந்தவன், கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ எண்டு சொன்னவ. என்ர மகன் அவனோடை ஒண்டா வளர்ந்தவன், அவனிட்டையும் கேளுங்கோ எண்டு உங்கட நம்பரும் அவதான் தந்தவ."

அம்மா எல்லாம் தெரிந்துகொண்டு அவனுக்கு நற்சாட்சி சொல்லியிருக்கிறார். அது போதாதென்று, இரண்டாவது சாட்சிக்கு என்னையும் அனுப்பியிருக்கிறார். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் தேவைப்படும் என் இலக்கம் இதற்கு உதவியிருக்கிறது. நான் மறுக்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். அன்று பெட்டியைவிட்டுப் பின்னுக்கு வா என்றபோது வந்தேன் அல்லவா?

லண்டனில் இருக்கிற அந்தப் பெண்ணுக்காக உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும். அவளை நான் நினைத்தது பிறகுதான். அவன் என் சொல்லை நம்பிக் கடல் பாலத்தைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்பதும் தெரியும். அவன் வாக்கைக் காப்பாற்றினான், நான் காப்பாற்றவில்லை. அதற்கு அவன் என்னைக் கறுவட்டும். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அவன் இல்லை.

"அன்ரி," என்றேன், "அந்தப் பொடியனும் நானும் நாலு வரியம் ஒருத்தரையொருத்தர் விரும்பி இருந்தனாங்கள். ஓம், நீங்கள் விளங்கினது சரி. என்ர அம்மாவுக்கு இது பதினாறு வரியமாத் தெரியும். நான் சொல்லுறதை நம்பவேண்டாம், அவவுக்கே ஒருக்கா எடுத்துக் கேளுங்கோ. இப்ப பூசை முடிஞ்சு வீட்டை வந்திருப்பா."